கையெழுத்து கெட்டுப்போச்சு, பேச்சு குழறுது, ஸ்கேன் நார்மல்னு சொல்றாங்க: 14 வயசு பையனுக்கு என்ன பார்க்கணும்?

நீங்க எழுதினதை முதல்ல சுருக்கி வச்சுக்கறேன்மா, ஏன்னா பதிலே அதுக்குள்ள தான் இருக்கு. பையனுக்கு 14 வயசு, ஒன்பதாவது படிக்கிறான். போன வருஷம் வரைக்கும் முத்து முத்தா எழுதினவன் இப்ப எழுதறது அவனுக்கே படிக்க வரல, டீச்சர் வேணும்னே கிறுக்குறான்னு உங்களைக் கூப்பிட்டு சொல்லியிருக்காங்க. பேச்சு வாய்ல எதையோ அடக்கிட்டு பேசற மாதிரி ஆயிடுச்சு, தலகாணி நனையுற அளவுக்கு எச்சில் வழியுது, டம்ளரை தூக்கினா கை ஆடுது. சாதுவா இருந்த பையன் தொட்டதுக்கெல்லாம் கத்துறான், தட்டை வீசறான். சிடி ஸ்கேன் நார்மல். ஒரு டாக்டர் படிப்பு டென்ஷன்னு சொல்லிட்டாரு, இன்னொருத்தர் கோபத்துக்குன்னு மனநல மாத்திரை எழுத, அது போட்ட நாலாம் நாளே உடம்பு கட்டை மாதிரி விறைச்சுப்போய் நீங்களே நிறுத்திட்டீங்க. வீட்டுப் பெரியவங்க செய்வினைன்னு சொல்றாங்க. இவ்வளவும் சொல்லிட்டு கடைசில போற போக்குல ரெண்டு விஷயம் எழுதியிருந்தீங்க, எட்டு வயசுல மஞ்சக்காமாலை வந்து கீழாநெல்லி குடுத்து சரியாச்சு, அப்புறம் நீங்க கட்டிக்கிட்டது சொந்த தாய்மாமனை.

என்னைக் கேட்டா அந்த கடைசி ரெண்டு வரி தான் முக்கியம்.

நான் நியூராலஜி டாக்டர், ஆனா பையனைப் பார்க்காம இதுதான் வியாதின்னு சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் நீங்க நம்பவும் கூடாது. ஆனா கையெழுத்து, பேச்சு, எச்சில், குணம் இந்த நாலும் ஒரே பிள்ளைக்கு மாசக்கணக்குல மெதுவா சேர்ந்து கெட்டு, பின்னாடி ஒரு காமாலை கதையும் சொந்தத்துல கல்யாணமும் இருந்தா, முதல்ல இல்லைன்னு நிரூபிக்க வேண்டிய வியாதி ஒண்ணு இருக்கு. அது வில்சன் நோய். அபூர்வமான நோய் தான், பொதுவா 30,000 பேர்ல ஒருத்தருக்குன்னு புக்குல போட்டிருக்கும், சொந்தத்துல கட்டிக்கிற வழக்கம் இருக்கற இடத்துல கூடுதலா வரும். அபூர்வமா இருந்தும் முதல்ல பார்க்கணும்னு நான் அடிச்சு சொல்றதுக்கு காரணம், இந்த வயசுல வர்ற நரம்பு வியாதிகள்ல மாத்திரையால நிறுத்தக்கூடியது ரொம்ப கம்மி, அதுல இது ஒண்ணு. லேட் ஆனா போனது திரும்பாது.

வியாதி என்னன்னா, நாம சாப்பிடற சாப்பாட்டுல தினமும் ஒண்ணு ரெண்டு மில்லிகிராம் செம்பு, அதாவது காப்பர், உள்ள போகும். உடம்புக்கு அது கொஞ்சம் வேணும், மிச்சத்தை ஈரல் எடுத்து பித்தத்துல கலந்து மலத்தோட வெளியேத்தும். அந்த வேலையைச் செய்யற புரதத்துக்கான ஜீன் 13வது குரோமோசோம்ல இருக்கு, பேரு ஏடிபி7பி, 1993ல கண்டுபிடிச்சாங்க. அந்த ஜீன் அப்பா பக்கமும் அம்மா பக்கமும் ரெண்டுமே பழுதா வந்தா சாக்கடை அடைச்ச வீடு மாதிரி செம்பு ஈரல்லயே தேங்க ஆரம்பிக்கும். பிறந்ததுல இருந்தே தேங்கும், ஆனா வெளிய தெரிய பல வருஷம் ஆகும். ஈரல் தாங்கற வரைக்கும் தாங்கி, தாங்க முடியாதப்ப ரத்தத்துல கசிஞ்சு மூளை, கண்ணு, கிட்னி, சில பேருக்கு எலும்புன்னு போய் படியும். அதனால தான் சின்ன வயசுல காமாலையாவும், பத்து வயசுக்கு மேல கை நடுக்கம் பேச்சு குழறலாவும் வர்றது. எட்டு வயசுல வந்த காமாலை சாதாரண வைரஸ் காமாலையாவும் இருந்திருக்கலாம், நம்மூர்ல அது தான் அதிகம், தானாவே சரியாகி பேரு கீழாநெல்லிக்கு போயிடும். ஆனா இந்த பையன் விஷயத்துல அதை இன்னொரு தடவை திரும்பிப் பார்க்காம விடக்கூடாது.

மூளைல போய் படியறப்ப அதுக்கு புடிச்ச இடம் அடியில இருக்கற பேசல் கேங்லியாங்கற பகுதி, அசைவுகளை அளந்து விடற இடம். எழுத்து, பேச்சு, விழுங்கறது மாதிரி நுணுக்கமான வேலைகள் தான் முதல்ல அடி வாங்கும், நடக்கறது ஓடறது ஆரம்பத்துல ஓரளவு நல்லாவே இருக்கலாம். அதனால தான் கிரிக்கெட் மட்டும் நல்லா ஆடறான் எழுதச் சொன்னா நடிக்கிறான்னு ஸ்கூல்ல நினைக்கறாங்க. குணம் மாறுறதும் அதே படிமத்தால தான், நிறைய பிள்ளைங்க நரம்பு அறிகுறிக்கு முன்னாடியே கோபம், படிப்புல கவனமின்மை, காரணமில்லாத அழுகைன்னு மனநல டாக்டர்கிட்ட தான் முதல்ல போவாங்க. மனநல மாத்திரையில சில வகை இவங்களுக்கு ஒத்துக்காது, கொஞ்சம் டோஸ்லயே விறைப்பு வந்துடும். அந்த டாக்டரை நான் குறை சொல்லல, ஆனா அந்த விறைப்பு ஒரு தடயம், அந்த மாத்திரை சீட்டை தூக்கிப் போடாம ஃபைல்ல வைங்க.

இப்ப என்ன டெஸ்ட். மூணு இருக்கு, மூணுமே சேர்த்தாலும் ஒரு எம்ஆர்ஐ அளவுக்கு பயமுறுத்தற விஷயம் இல்ல. முதல் டெஸ்ட் கண் டாக்டர்கிட்ட. ஸ்லிட் லேம்ப்னு ஒரு மிஷின், தாடையை வச்சு உக்கார வச்சு கண்ணுக்குள்ள வெளிச்சம் அடிச்சு பெருசு பண்ணி பார்ப்பாங்க, எல்லா கண் ஆஸ்பத்திரிலயும் இருக்கும், வலி கிடையாது, சில நிமிஷம் தான். கருவிழியோட விளிம்புல பழுப்பு பச்சையா ஒரு வளையம் இருக்கான்னு பார்க்கணும், அதுக்கு கெய்சர் ஃப்ளைஷர் வளையம்னு பேரு, சுருக்கமா கேஎஃப் ரிங். நரம்பு அறிகுறி வர்ற அளவுக்கு போனவங்கள்ல நூத்துக்கு 90 பேருக்கு மேல இது இருக்கும். நம்ம ஆளுங்களுக்கு கண்ணு கருப்பா இருக்கறதால டார்ச் அடிச்சு பார்த்தா பெரும்பாலும் தெரியாது, அதனால யாராச்சும் சும்மா டார்ச்ல பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னா ஒத்துக்காதீங்க, சீட்டுலயே "ஸ்லிட் லேம்ப்ல கேஎஃப் ரிங் இருக்கா பார்க்கவும்"னு எழுதி வாங்கிட்டுப் போங்க. கண்ணாடி போடணுமான்னு செக் பண்ற இடத்துல போய் நின்னுட்டு வந்துட்டு கண்ணு நார்மல்னு சொல்றவங்க நிறைய பேர்.

ரெண்டாவது ரத்தத்துல செருலோபிளாஸ்மின், செம்பை தூக்கிட்டு சுத்தற புரதம். பெரும்பாலான லேப்ல ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 20 மில்லிகிராமுக்கு மேல நார்மல், 10க்கு கீழ போனா சந்தேகம் ரொம்ப பலம். நடுவுல வந்தா குழப்பம் தான், ஏன்னா வியாதி இல்லாம ஜீன் மட்டும் ஒரு பக்கம் சுமக்கறவங்களுக்கும் கம்மியா இருக்கலாம், உடம்புல வேற இன்ஃபெக்ஷன் இருந்தா வியாதி உள்ளவங்களுக்கே நார்மலா காட்டலாம். அதனால இது ஒண்ணை மட்டும் வச்சு ஆமான்னும் சொல்ல முடியாது இல்லைன்னும் சொல்ல முடியாது. மூணாவது 24 மணி நேர யூரின்ல காப்பர். இதுல தான் வீட்ல தப்பு நடக்கும். காலைல எழுந்ததும் போற முதல் யூரினை விட்டுடணும், அப்புறம் மறுநாள் காலைல அதே நேரம் வரைக்கும் ஒரு சொட்டு விடாம லேப் குடுக்கற கேன்லயே நேரா புடிக்கணும், கடைசி காலை யூரினும் சேர்த்து. செம்பு, பித்தளை, சில்வர் எதுலயும் புடிச்சு ஊத்தக்கூடாது. ஸ்கூல் லீவு நாள்ல வைங்க, இல்லன்னா மத்தியானம் ஒரு தடவை எங்கயாவது போயிட்டு வந்துடுவான், கணக்கு கெட்டுடும். அறிகுறி இருக்கற ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல வந்தா வில்சன் பக்கம் தான் போகும், சின்னப் பிள்ளைங்களுக்கு 40க்கு மேல வந்தாலே யோசிப்போம்.

இதோட சாதாரண ஈரல் டெஸ்ட், பிளேட்லெட் கவுன்ட், வயித்து ஸ்கேன் எடுங்க. ஈரல் டெஸ்ட் நார்மலா இருக்கறப்பவே ஸ்கேன்ல ஈரல் சொரசொரன்னும் மண்ணீரல் வீங்கியும் இருக்கறது உண்டு. மூளைக்கு எம்ஆர்ஐ தான், சிடி பத்தாது, உங்க பையனுக்கு எடுத்தது சிடி, அது நார்மல்ங்கறதை வச்சு மூளைல ஒண்ணுமில்லைன்னு முடிவு கட்ட முடியாது. எம்ஆர்ஐல நடுமூளைல பாண்டா கரடி மூஞ்சி மாதிரி ஒரு படம் சில பேருக்கு விழும், படிக்கிற பசங்களுக்கு பரீட்சைல கேக்க வசதியான படம், ஆனா எல்லாருக்கும் விழாது. இதெல்லாத்துக்கும் மார்க் போட்டு கூட்டற ஒரு முறை இருக்கு, லைப்சிக் ஸ்கோர்னு பேரு, நாலோ அதுக்கு மேலயோ வந்தா வியாதி உறுதி. மார்க் பத்தலைன்னா ஜீன் டெஸ்ட், இல்லன்னா ஈரல்ல சின்ன துணுக்கு எடுத்து செம்பு அளக்கறது.

எங்க போறதுன்னா, உங்க மாவட்ட மெடிக்கல் காலேஜ்ல நியூராலஜி டிபார்ட்மென்ட் இருந்தா அங்கயே ஆரம்பிக்கலாம். அங்க முடியலன்னா வேலூர் சிஎம்சி, பாண்டிச்சேரி ஜிப்மர், பெங்களூர் நிம்ஹான்ஸ். நிம்ஹான்ஸ்ல இந்த ஒரு வியாதியை பல பத்து வருஷமா தொடர்ந்து பார்த்துட்டு வர்றாங்க, மூணு பத்தாண்டுல பார்த்த 282 பேரை வச்சு 2007ல ஒரு பெரிய கட்டுரையே போட்டாங்க. ஓபில உங்களுக்கு கிடைக்கறது அஞ்சு நிமிஷம் தான், அதுல அழுதா நேரம் போயிடும். ரெண்டு நோட்டு எடுத்துட்டுப் போங்க, போன வருஷ நோட்டு ஒண்ணு இந்த வருஷ நோட்டு ஒண்ணு, பக்கத்துல பக்கத்துல வச்சு காமிங்க, நூறு வார்த்தை சொல்றதை அது சொல்லிடும். போன்ல அவன் பேசறதையும் டம்ளர் தூக்கறதையும் தெரியாம எடுக்காம அவன்கிட்ட சொல்லிட்டே எடுங்க, இந்த வயசு பிள்ளைங்களுக்கு ரோஷம் ஜாஸ்தி. ஒரு வெள்ளைத்தாள்ல எது எந்த மாசம் ஆரம்பிச்சதுன்னு வரிசையா எழுதுங்க, காமாலையையும் தாய்மாமன் கல்யாணத்தையும் மேல முதல் வரில எழுதுங்க. "சார், செருலோபிளாஸ்மினும் ஸ்லிட் லேம்பும் பார்த்தாச்சா"ன்னு நேரா கேளுங்க, கூகுள் பார்த்துட்டு வந்தீங்களான்னு எவராச்சும் கடுப்பானாலும் பரவால்ல, பெரும்பாலும் எழுதிக் குடுத்துடுவாங்க.

சரி, மூணும் நார்மலா வந்துட்டா? வேற சிலது இருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் கதை வேற. காலைல எழுந்த உடனே கை வெட்டி வெட்டி இழுத்து டூத் பிரஷ், டீ டம்ளர் கீழ விழறது, தூக்கம் கெட்ட மறுநாள் அதிகமாறது, இது டீனேஜ்ல வர்ற ஒரு வகை வலிப்பு, மூளையோட மின் அலையை பதிவு பண்ற இஇஜி எடுத்தா தெரியும், மாத்திரைல நல்லா அடங்கும், ஆனா வலிப்பு மாத்திரைல சிலது இதைக் கூட்டிடும் அதனால சரியா பேர் வைக்கணும். ஒரு கை மட்டும் மெலிஞ்சு குளிர்ல விரல் இன்னும் பலவீனமாகறது, வலி இல்லாம, பெரும்பாலும் பசங்களுக்கு, அது ஹிராயாமா நோய், ஜப்பான்ல 1959ல சொன்னது, நம்மூர்லயும் நிறைய பார்க்கறோம், கழுத்தை குனிய வச்சு எம்ஆர்ஐ எடுத்தா தான் சிக்கும். கைக்குழந்தைல தட்டம்மை வந்த பிள்ளை பல வருஷம் கழிச்சு மறதி, அப்பப்ப தலை தொங்கி விழறதுன்னு வந்தா அது எஸ்எஸ்பிஇ, அதாவது தட்டம்மை வைரஸால வர்ற மூளை வியாதி, அது கொடுமையானது, அதுக்கு தான் தட்டம்மை ஊசியை விடாதீங்கன்னு கத்தறோம். நாள் கணக்குல திடீர்னு பிதற்றல், தூக்கமில்லாம கத்தறது, வலிப்பு, வாய் தானா மெல்லறதுன்னு வந்தா, குறிப்பா பொம்பளைப் பிள்ளைங்களுக்கு, அது பேய் இல்ல, என்எம்டிஏ ஆன்டிபாடி மூளைக்காய்ச்சலா இருக்கலாம், 2007ல தான் அதுக்கு ஆன்டிபாடியே கண்டுபிடிச்சாங்க, சில பேருக்கு சினைப்பைல ஒரு கட்டி இருந்து அதால வரும், அதை எடுத்தா தேற வாய்ப்பு கூடும். உங்க பையன் கதை மாசக்கணக்குல மெதுவா போகுது, அதனால இதெல்லாம் பின்னாடி வரிசைல தான்.

டென்ஷன் பத்தியும் சொல்லணும். மனசு வழியா வர்ற நரம்பு அறிகுறி நிஜமான வியாதி, நடிப்பு கிடையாது, அதுக்கும் வைத்தியம் இருக்கு. ஆனா அதை எல்லா டெஸ்ட்டும் நார்மல் அதனால இதுதான்னு ஒதுக்கித் தள்ளி முடிவு பண்ணக்கூடாது, அதுக்குன்னே பரிசோதனைல தெரியற அடையாளங்கள் உண்டு, உதாரணமா இன்னொரு கையால தாளம் போடச் சொன்னா நடுக்கம் நின்னு போறது இல்ல தாளத்தோட சேர்ந்துக்கறது. அந்த அடையாளம் ஒண்ணும் பார்க்காம, செருலோபிளாஸ்மின்னு ஒரு டெஸ்ட் கூட எழுதாம டென்ஷன்னு சொன்னா அது டயக்னாசிஸ் இல்ல, ஊகம். தூக்கத்துல எச்சில் வழிஞ்சு தலகாணி நனையறது டென்ஷன்ல வர்றதில்லை.

ஒருவேளை வில்சன்னு உறுதியாச்சுன்னு வைங்க. 1912ல லண்டன்ல கின்னியர் வில்சன்ங்கற டாக்டர் மூளையும் ஈரலும் சேர்ந்து கெடற இந்த வியாதியை எழுதினப்ப இதுக்கு ஒரே முடிவு தான், சாவு. 1956ல வால்ஷிங்கற டாக்டர், பெனிசிலின் மருந்து உடம்புல உடையறப்ப வர்ற பெனிசிலமின்ங்கற பொருள் செம்பை கட்டி இழுத்து யூரின்ல வெளியேத்தும்னு கண்டுபிடிச்சாரு, அங்க இருந்து கதையே மாறிடுச்சு. இன்னைக்கும் அந்த மாத்திரை தான் நம்மூர்ல பெரும்பாலும் குடுக்கறோம், கூட துத்தநாகம் அதாவது ஜிங்க், அது குடல்ல செம்பு ஏறாம தடுக்கும். பெனிசிலமின் ஒத்துக்காதவங்களுக்கு ட்ரையன்டின்னு வேற மாத்திரை. பெனிசிலமின் வெறும் வயித்துல, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இல்ல ரெண்டு மணி நேரம் பின்னாடி, ஜிங்க்கோட சேர்த்து ஒரே நேரத்துல போடக்கூடாது, கூட பி6 விட்டமின் குடுப்பாங்க, ரத்தமும் யூரினும் அடிக்கடி பார்க்கணும், ஏன்னா கிட்னியையும் ரத்த அணுக்களையும் இது தொந்தரவு பண்ணலாம்.

இங்க ஒரு விஷயம் நல்லா மண்டைல ஏத்திக்கோங்க. பெனிசிலமின் ஆரம்பிச்ச முதல் வாரங்கள்ல சில பிள்ளைங்களுக்கு நடுக்கமும் பேச்சும் இன்னும் மோசமாகும். படிஞ்ச செம்பு கிளம்பி ரத்தத்துல சுத்தறதால வருதுன்னு நினைக்கறோம். அதனால தான் நல்ல டாக்டர் கொஞ்சமா ஆரம்பிச்சு மெதுவா ஏத்துவாரு. மோசமாச்சுன்னா உடனே ஓடிப்போய் சொல்லுங்க, டோஸை குறைப்பாங்க, மருந்தை மாத்துவாங்க, ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க. முன்னேற்றம் தெரிய ஆறு மாசம் கூட ஆகும், ரெண்டு வருஷம் வரைக்கும் மெதுமெதுவா தேறிட்டே வரும், முழுசா பழைய மாதிரி ஆறவங்களும் இருக்காங்க, பேச்சுல கொஞ்சம் குழறல் மிச்சம் நின்னுடறவங்களும் இருக்காங்க. அப்புறம் நல்லாயிட்டான்னு மூணு வருஷம் கழிச்சு மாத்திரையை விடறது தான் இந்த வியாதில நான் பார்க்கற பெரிய கொடுமை, விட்ட கொஞ்ச மாசத்துல ஈரல் திடீர்னு செத்துப்போய் மாற்று ஈரல் வரைக்கும் போறாங்க, சில பேர் அதுக்குள்ள போயிடறாங்க. ஆயுசுக்கும் மாத்திரை, கல்யாணம் ஆனாலும், குழந்தை பிறந்தாலும்.

சாப்பாட்டுல ஈரல், நண்டு, எறா, சாக்லேட், முந்திரி மாதிரி கொட்டை வகை, காளான் இதெல்லாம் முதல் ஒரு வருஷமாவது விலக்குங்க. இன்னொண்ணு, இப்ப எல்லா வீட்லயும் ராத்திரி செம்பு குடத்துல தண்ணி ஊத்தி வச்சு காலைல குடிக்கறது ஃபேஷன் ஆயிடுச்சு, நல்ல உடம்புக்கு அது கெடுதலோ இல்லையோ இந்த பையனுக்கு ஆகவே ஆகாது, ரிசல்ட் வர்ற வரைக்கும் கூட காத்திருக்க வேண்டாம், இன்னைக்கே நிறுத்துங்க. நாட்டு மருந்துல தாமிர பற்பம்னு செம்பு சேர்ந்த மருந்து உண்டு, நரம்புக்கு நல்லதுன்னு யாராச்சும் குடுத்தா வாங்காதீங்க. கோயிலுக்கு போங்க, மந்திரிக்கறதுன்னா மந்திரிச்சுக்கோங்க, வாய் வழியா எதுவும் போகாம இருந்தா சரி.

விழுங்கறப்ப தண்ணி மூக்குல ஏறுது, இருமல் வருது, வலிப்பு வருது, கண்ணு மஞ்சளாகுது, வயிறு உப்புது, கறுப்பா மலம் போகுது இல்ல ரத்த வாந்தி, இதுல எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் பார்க்காதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சி.

தாய்மாமனைக் கட்டினதால தான் இப்படின்னு யாராச்சும் உங்களை குத்துவாங்க, இப்பவே குத்திட்டு இருப்பாங்களோ என்னவோ. சொந்தத்துல கட்டினா வாய்ப்பு கூடும்ங்கறது உண்மை, ஆனா சுமார் 90 பேர்ல ஒருத்தர் இந்த ஜீனை ஒரு பக்கம் சுமந்துட்டு தான் நடமாடறோம், அசலூர்ல பொண்ணெடுத்த வீட்லயும் இது வருது. பையனுக்கு வில்சன்னு உறுதியானாலும் அதுக்கு அர்த்தம் உங்க ரெண்டு பேருக்கும் வியாதின்னு இல்ல, ஜீனை சுமக்கறீங்க அவ்வளவு தான். ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு தங்கச்சி இருக்கான்னு எழுதியிருந்தீங்க, பத்து வயசு, நல்லா இருக்கான்னு. பையனுக்கு உறுதியாச்சுன்னா அவளுக்கும் எல்லா டெஸ்ட்டும் எடுத்தே ஆகணும். அவளுக்கு கண்ணுல வளையம் இன்னும் விழாம இருக்கலாம், அதனால ஸ்லிட் லேம்ப் நார்மல்னு விடக்கூடாது, செருலோபிளாஸ்மின், யூரின் காப்பர், ஈரல் டெஸ்ட் எல்லாம் வேணும், அண்ணனோட ஜீன் பழுது எதுன்னு கண்டுபிடிச்சிருந்தா அதையே அவளுக்கும் பார்த்தா குழப்பமே இல்ல. இருந்தா அறிகுறி வர்றதுக்கு முன்னாடியே ஜிங்க் ஆரம்பிச்சு ஒழுங்கா போட்டுட்டு வந்தா கை நடுக்கமே பார்க்காம வாழலாம்.

ஸ்கூலுக்கு ஒரு லெட்டர் வாங்கிக் குடுங்க, டெஸ்ட் முடியற வரைக்கும் எழுத்து விஷயத்துல திட்ட வேண்டாம்னு, நீங்க பார்க்கற டாக்டரே எழுதித் தருவார். வில்சனோ வேற எதுவோ, பேர் தெரிஞ்சதும் அடுத்த வருஷம் பத்தாவது பப்ளிக் எக்ஸாமுக்கு அவன் சொல்லச் சொல்ல எழுத ஆள் வைக்கறதுக்கும் கூடுதல் நேரத்துக்கும் ஹெட்மாஸ்டர் வழியா முன்கூட்டியே மனு போடணும், மெடிக்கல் சர்டிஃபிகேட் கேப்பாங்க, பரீட்சை நெருங்கறப்ப போனா அலைய விட்டுடுவாங்க, அதனால ஜூன் மாசமே ஆரம்பிங்க.